மழைக்குக் கணக்கு எழுதிய துணைவேந்தர்

தே தாரேக் ஆறட்டும், அதற்குள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மலாக்காவின் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வா.செ. குழந்தைசாமி என்ற பெயர் தெரியாது. தெரிய வேண்டும். கரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் 1929இல் பிறந்து, காரக்பூர் ஐஐடியிலும் பிறகு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் படித்த நீரியலாளர் அவர்.

நீரியல் என்ன செய்யும்? 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அணை வறண்டாலும் ஆறு கரை மீறினாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: பெய்த மழையில் எவ்வளவு, எப்போது ஆற்றுக்கு வந்து சேரும்? மண் உறிஞ்சியதும் இலையில் தங்கியதும் போக மிஞ்சுவதுதான் ஓடிவரும். அந்த மிச்சம் இரு மடங்கானால் வெள்ளமும் இரு மடங்காகும் என்று வைத்துக்கொண்டு, 1932இல் ஷெர்மன் என்பவர் ஒரு கணக்கு முறை தந்தார். போடுவதற்குச் சுலபமான கணக்கு. ஆனால் நிலம் அப்படிக் கணக்குப் பார்த்து நடப்பதில்லை. பெருமழையில் வெள்ளம் இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக வந்துவிடுகிறது. குழந்தைசாமி தம் 1964ஆம் ஆண்டு ஆய்வேட்டில், படுகையில் தேங்கும் நீர் வெளியேறும் நீரை மட்டும் பொறுத்ததல்ல, உள்ளே வரும் நீரையும் இரண்டும் மாறும் வேகத்தையும் பொறுத்தது என்று சமன்பாடு அமைத்தார். அவருடைய வழிகாட்டி வென் தே சௌ உலகறிந்த நீரியலாளர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1971இல் வந்தது. ‘குழந்தைசாமி மாதிரி’ என்றே நீரியலார் அந்தச் சமன்பாட்டைச் சொல்கிறார்கள்.

சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தரானார். அடுத்து 1994 வரை டெல்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய பணி இதுதான் என்பேன். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவரும் ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும் வேலையை விடாமல் பட்டம் பெற வழி செய்யும் கல்வி அது. மலேசியாவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000இல்தான் வந்தது.

தமிழையும் அவர் விடவில்லை. ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார். எழுத்துச் சீர்திருத்தம் வேண்டும் என்று வாதாடினார். அதை ஏற்காதவர்கள் நிறைய, அந்த வாதம் இன்னும் முடியவில்லை. நம்மைப் போல் கடல் கடந்து வாழும் தமிழரை மனத்தில் வைத்துத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. 2016 டிசம்பரில் மறைந்தார்.

அந்த இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் இருக்கின்றன, படிக்கக் கட்டணம் இல்லை. வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே திறந்து காட்டுங்கள்.