கரை நகர்ந்த வீதியில் ஒரு சிற்றருங்காட்சியகம்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதி இன்று கடலைவிட்டு விலகி, வானளாவிய கட்டடங்களிடையே அமைந்துள்ளது. கடல் தூர்க்கப்படுமுன் அதுவே கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறிய சூலியா முஸ்லிம்கள் அங்குதான் கரையிறங்கினர். அவர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில், நாகூர் ஷாகுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்கள் நினைவாக ஒரு தர்காவை எழுப்பினர். நாயகம் அடங்கியிருப்பது நாகூரில். இது நினைவிடம் மட்டுமே. 1974இல் தேசிய நினைவுச்சின்னமான இக்கட்டடம், 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாயிற்று.

பெரிய அருங்காட்சியகங்கள் ஒரு நாட்டின் வரலாற்றைக் கூறுவன. அவற்றில் சிறு சமூகங்கள் சில வரிகளில் அடங்கிவிடும். இத்தகைய சிற்றகமோ ஒரு சமூகத்தின் வரலாற்றை, அது நிகழ்ந்த இடத்திலேயே நின்று கூறுகிறது. ஆகவே காணச் செல்வோர் வீதியையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். அதே வீதியில் ‘குச்சுப் பள்ளி’ எனப்பெறும் அல் அப்ரார் பள்ளிவாசலும், சீனரின் தியான் ஹொக் கெங் ஆலயமும் உள்ளன. கடல் கடந்து வந்த இரு சமூகத்தார் அருகருகே வேரூன்றியமைக்கு இவை சான்று.

எனினும், கட்டடம் காக்கப்படுவதால் மட்டும் வரலாறு முழுமையாவதில்லை. புறப்பட்ட ஊர்களின் பங்கும் அதில் உண்டு. நம் வீட்டுப் பரண்களில் முன்னோரின் கடிதங்களோ, வணிகக் கணக்கேடுகளோ, அரபுத்தமிழ் ஏடுகளோ இருப்பின், அவை செல்லரிக்குமுன் படியெடுத்துப் பாதுகாப்பது நம் கடமையாகும்.