காலாவதித் தேதியும் வீட்டில் உணவு வீணாதலும்

காலாவதித் தேதி என்பது பொட்டலத்தில் அடைத்து விற்கப்படும் உணவை எந்நாள் வரை உண்ணலாம் எனக் காட்டும் நாளாகும். ஆனால் பொட்டலத்தில் உள்ள தேதிகள் எல்லாம் ஒரே பொருள் தருவன அல்ல. இவ்வேறுபாடு தெரியாததால் நல்ல உணவு குப்பைக்குப் போவதும், கெட்ட உணவை உண்டு நோயுறுவதும் நிகழ்கின்றன.

தேதிகளின் வகைகள்

'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்பது பாதுகாப்பு தொடர்பானது. அந்நாளுக்குப் பின் உணவை விற்கவோ உண்ணவோ கூடாது. பால், பன்னீர், இறைச்சி போன்றவற்றில் இது மிக முக்கியம். நோயூட்டும் பாக்டீரியாக்கள் பல, உணவின் மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. எனவே முகர்ந்து பார்த்து முடிவு செய்ய இயலாது.

'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரம் தொடர்பானது. அந்நாள் கடந்தால் பிஸ்கட்டின் மொறுமொறுப்போ காபித்தூளின் மணமோ குறையலாம். உறை பிரிக்கப்படாமல், ஈரம் படாமல் இருந்தால் அவை பெரும்பாலும் உண்ணத்தக்கவையே.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கின; 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதல் தகவலாக மட்டும் இடம்பெறலாம். இரண்டும் இருந்தால் காலாவதித் தேதியே இறுதியானது.

பொட்டலத்தைத் திறந்த பின்

அச்சிட்ட தேதி, திறக்கப்படாத, குறிப்பிட்ட வெப்பநிலையில் வைக்கப்பட்ட பொட்டலத்துக்கே பொருந்தும். திறந்த பின் "இத்தனை நாட்களுக்குள் பயன்படுத்தவும்" என்ற குறிப்பையே பின்பற்ற வேண்டும். உப்பிய டின், பூஞ்சை பிடித்த ரொட்டி ஆகியவற்றைத் தேதி இருந்தாலும் உண்ணக் கூடாது.

வீணாவதைக் குறைக்கும் வழிகள்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் கடைகள், உணவகங்கள், வீடுகளில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகும். இதைக் குறைக்கச் சில வழிகள்:

• கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுதல். விரைவில் கெடுபவற்றைச் சிறிய அளவில் வாங்குதல்.
• முதலில் காலாவதியாகும் பொருளை அலமாரியில் முன்வரிசையில் வைத்தல்.
• குளிர்பதனப் பெட்டியை 5 பாகை செல்சியசுக்குள் வைத்தல். கதவுப் பகுதியில் குளிர் குறைவு என்பதால் பாலை உள்தட்டில் வைப்பது நல்லது.
• மீந்த சோற்றை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல். சமைத்த பின்னும் உயிருடன் இருக்கும் பேசில்லசு செரியசு பாக்டீரியாவின் வித்துகள், வெளியே வைத்த சோற்றில் பெருகி நச்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நச்சு அழியாது.
• இறைச்சியையும் ரொட்டியையும் காலாவதியாகும் முன்பே உறைபெட்டியில் வைத்தல்.