தாத்தாவின் துப்பாக்கியில் கட்டை ஆடுதா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைப் படிங்க

ராயப்பேட்டையில் பழைய வீட்டைக் காலி செய்து அபார்ட்மென்ட்டுக்கு மாறும்போது பரண்ல இருந்து என்னென்னவோ இறங்கும். சில குடும்பங்களில் ஒரு வேட்டைத் துப்பாக்கியும் இறங்கும். பக்கத்து அண்ணா சாலையில் பி.ஆர் அண்ட் சன்ஸ் என்றால் நமக்கு கடிகாரம்தான் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் காலத்தில் அவங்க துப்பாக்கியும் விற்றாங்க.

அப்படி இறங்கின துப்பாக்கியில் பெரும்பாலும் முதல்ல கண்ணில் படுவது, தோளில் வைக்கும் மரக்கட்டை லொடலொடன்னு ஆடுறதுதான்.

ஏன் ஆடுது? மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நவம்பர் மழை, மே வெயில் என்று பல வருஷம் பார்த்த கட்டை, இரும்பை விட்டு விலகிவிடும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: எண்ணெய். கட்டை கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தால், இரும்புக்குப் போட்ட எண்ணெய் மெதுவாக இறங்கி மரத்தில் ஊறும். எண்ணெய் குடித்த மரம் இறுக்கம் இழந்து மெத்தென்று ஆகிவிடும். அந்த நிலையில் சுட்டால், பின்னுதைப்பு ஒரே இடத்தில் இடித்து மரத்தைப் பிளந்துவிடும்.

சரி, ஸ்க்ரூவை முடுக்கினால் போச்சு என்று தோணும். இங்கேதான் சிக்கல். இந்தியாவில் .303 ரைபிளைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. அதே லீ என்ஃபீல்டு அமைப்பில் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த.315 ரைபிள்தான் பலரிடம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டைக்குள் ஒரு நீள போல்ட் ஓடும். பழைய ராணுவ மாடலில் அதன் சதுர முனை, முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால், இறுகுவதற்குப் பதிலாக முன்கட்டை உடையும். யூடியூப் வீடியோ எல்லாமே இதைச் சொல்லாது!

தெரிந்தவர் செய்யும் வேலை வேற மாதிரி. எண்ணெயை உறிஞ்சி எடுப்பார், இடைவெளிக்கு மெல்லிய துண்டு வைப்பார், தேவைப்பட்டால் எபாக்சி ஊற்றி இரும்புக்கு அச்சாக உட்கார வைப்பார். ஃபெவிகால் வேண்டாம், ப்ளீஸ்.

ஆனா அந்த 'தெரிந்தவர்' உங்க தெரு தச்சர் கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில், உரிமம் தேவைப்படும் வேலைகளில் 'பழுதுபார்ப்பது' என்பதும் இருக்கிறது. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கட்டை ஒட்டினதுக்கா என்று கேட்கலாம். அந்த ரிஸ்க்கை நீங்க ஏன் எடுக்கணும்?

அதைவிட முக்கியம்: உரிமம் தாத்தா பேரில் இருந்து அவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகலாம். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. 'பழசுதானே' என்பது மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. வாரிசாக உங்க பேரில் உரிமம் வேண்டுமென்றால், சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்கணும், மாவட்டங்களில் கலெக்டரிடம். கட்டையைச் சரிசெய்வது அதுக்கப்புறம்தான்.