குழந்தை அழுதது! மாணவியும் அழுதாள்!

நம்மை எல்லாம் முதன் முதலில் தொட்ட கை எது தெரியுமா?

பெற்ற தாயின் கை அல்ல. தந்தையின் கையும் அல்ல. பிரசவம் பார்த்தவரின் கை!

அரசன் மகனாக இருந்தாலும் சரி, ஆண்டி மகனாக இருந்தாலும் சரி. முதலில் அந்தக் கையில்தான் வந்து சேர வேண்டும்.

அந்தக் கையைப் பழக்குவது எப்படி? பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண், முதன் முதலாக ஒரு குழந்தை பிறப்பதைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது?

பொம்மைக்கு வலிக்காது

தமிழ்நாட்டில் கிராம சுகாதார நர்சு ஆக விரும்பும் பெண்கள், பிளஸ்-2 படித்த பிறகு "ஏ.என்.எம்." என்ற பயிற்சியில் சேருகிறார்கள். உதவி நர்சு, மருத்துவச்சி ஆகிய இரண்டு வேலைகளுக்கும் சேர்த்து, 2 ஆண்டுப் பயிற்சி இது.

சேருகிறவர்களில் பலர் 18, 19 வயதுப் பெண்கள். வீட்டில் அக்காளுக்கோ அண்ணிக்கோ இடுப்பு வலி வந்தபோது, "சின்னப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை? வெளியே போ!" என்று விரட்டப்பட்டவர்கள்.

வகுப்பில் முதலில் படம் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். பிறகு பொம்மையை வைத்துச் செய்து காட்டுகிறார்கள்.

ஆனால், பொம்மை கத்தாது. பொம்மைக்கு வலிக்காது. பொம்மைக்கு ரத்தமும் வராது.

ஆகவே, பிரசவ வார்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கேயும் எடுத்த எடுப்பில் குழந்தையைத் தொட விடுவது இல்லை. ஓரமாக நின்று பார்க்க வேண்டும். பல பிரசவங்களைப் பார்த்து, கூட இருந்து உதவி செய்த பிறகுதான், பெரிய நர்சின் மேற்பார்வையில் தன் கையால் பிரசவம் பார்க்கலாம்.

முதல் பாடம்

உள்ளே நுழைந்ததும் மாணவிக்குக் கிடைக்கும் முதல் உத்தரவு, "கையைக் கழுவு!" என்பதுதான்.

வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

"இது என்ன பெரிய பாடம்?" என்று நினைத்து விடக் கூடாது. இந்தப் பாடத்துக்காக ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் உயிரை விட்டிருக்கிறார்கள்!

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. 1840-களில் அங்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில், டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில், மருத்துவச்சி மாணவிகள் பார்த்தார்கள்.

டாக்டர் மாணவர்களின் வார்டில், பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலால் 100 தாய்மார்களில் சுமார் 10 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் வார்டில் இறந்தவர்கள் 4 பேருக்கும் குறைவு. "எங்களை மருத்துவச்சி வார்டில் சேருங்கள்" என்று கர்ப்பிணிப் பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ம் ஆண்டில் கண்டுபிடித்தார். டாக்டர் மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பாடம் படித்துவிட்டு, கையைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் நேரே பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சி மாணவிகளுக்குப் பிணம் அறுக்கும் பாடம் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்!

"குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது" என்று அவர் கட்டளை போட்டார். ஏப்ரல் மாதம் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூன் மாதம் 2 ஆகக் குறைந்தது.

அவர் சொன்னதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1865-ல் அங்கேயே இறந்து போனார்.

இரண்டாவது பாடம்

கை கழுவிய மாணவி ஓடி ஆடி வேலை செய்யத் துடிக்கிறாள். பெரிய நர்சு கொடுக்கும் அடுத்த உத்தரவு, "காத்திரு!"

தலைப் பிரசவம் என்றால் உடனே முடிந்து விடாது. கர்ப்பப்பையின் வாய் மெல்ல மெல்லத் திறந்து, 10 சென்டி மீட்டர் அகலம் ஆக வேண்டும். 5 சென்டி மீட்டர் திறந்த பிறகும், முழுவதும் திறப்பதற்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

அதுவரை சும்மா இருக்கிறார்களா? இல்லை. வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுகிறார்கள். வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் நல்லது. கூடினாலும் குறைந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் நேரம் போட்டுத் தாளில் குறிக்கிறார்கள்.

நேரம் ஆக ஆக வலி கூடுகிறது. அந்த அறையில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது:

"அக்கா, என்னால் முடியாது அக்கா! அறுத்தாவது எடுத்து விடுங்கள்!"

"முடியும் தாயி. இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், இன்னும் கொஞ்சம்தான். மூச்சை இழுத்து விடு."

ஓரத்தில் நிற்கும் மாணவிக்குக் கை கால் நடுங்குகிறது.

"சிஸ்டர், நான் என்ன செய்யட்டும்?"

"அவள் கையைப் பிடித்துக்கொள். இப்போது அதுதான் உன் வேலை."

இது ஒப்புக்குச் சொன்ன வேலை அல்ல. பக்கத்தில் ஆதரவாக ஒருவர் இருந்தால் பிரசவம் சுலபமாகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிரசவத் துணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லுகிறது.

தலை தெரிகிறது!

பனிக்குடம் உடைந்து நீர் கொட்டுகிறது. சிறிது நேரத்தில், கருகருவென்று தலைமுடி தெரிகிறது. வலி வந்தால் முன்னே வருகிறது. வலி நின்றால் பின்னே போகிறது.

இதுவரை "முக்கு, முக்கு" என்று சொன்ன நர்சு, இப்போது "முக்காதே தாயி! வாயைத் திறந்து மூச்சு விடு!" என்கிறார். மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரப்பட்டுத் தலை வந்தால் தாயின் உடம்பு கிழிந்து விடும். ஆகவே, தலை மெல்ல மெல்ல வெளியே வரும்படி நர்சு கையால் அணை கொடுக்கிறார்.

தலை வெளியே வருகிறது. முகம் தாயின் தொடைப் பக்கம் தானாகத் திரும்புகிறது. நர்சு, குழந்தையின் கழுத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது!

மாணவிக்குப் பகீர் என்கிறது. "கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது" என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வருகிறது.

தாய்மாமனுக்கு ஒன்றும் ஆகாது! நாலைந்து குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் கொடி தளர்வாகவே இருக்கும். நர்சு அதைச் சட்டை கழற்றுவது போலத் தலை வழியாகக் கழற்றி விடுகிறார்.

ஒரு தோள். மறு தோள். அடுத்த நொடி முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு வந்து விடுகிறது!

உடம்பெல்லாம் வெண்ணெய் பூசியது போல இருக்கிறது. தலை கொஞ்சம் நீண்டிருக்கிறது. நிறமோ நீலம்! "ஐயோ, மூச்சு இல்லையே" என்று மாணவிக்கு நெஞ்சு அடைக்கிறது.

நர்சு பதறவில்லை. குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் போட்டு, சுத்தமான துணியால் துடைக்கிறார். முதுகை மெதுவாகத் தேய்க்கிறார்.

"குவா! குவா!"

குழந்தை அழுகிறது. நீலம் மாறி உடம்பு சிவக்கிறது. தாய் சிரித்துக்கொண்டே அழுகிறாள். அதைப் பார்த்த மாணவிக்கும் கண்ணீர் கொட்டுகிறது. முதல் பிரசவத்தைப் பார்த்த மாணவிகளில் பலருக்கு இப்படித்தான் ஆகிறது.

பிறந்த உடனே பரீட்சை

பிறந்த 1 நிமிடத்தில் குழந்தைக்கு ஒரு பரீட்சை! 5-வது நிமிடத்தில் மறு பரீட்சை!

நிறம், இதயத் துடிப்பு, தொட்டால் முகம் சுளிப்பது, கை கால் அசைப்பது, மூச்சு ஆகிய 5 விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மார்க்கு. மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் வாங்கினால் கவலை இல்லை.

இந்தப் பரீட்சையை 1952-ல் ஏற்படுத்தியவர், வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர்.

தொப்புள் கொடியை உடனே வெட்டுவதில்லை. 1 நிமிடமாவது பொறுக்கிறார்கள். கொடியில் இருக்கும் ரத்தம் அதற்குள் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து விடும். பின்னால் ரத்த சோகை வராமல் இருக்க அது உதவும்.

முதல் 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுகிறார்கள். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீச்சிக் கொட்டி விடக் கூடாது. நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கவும் கூடாது.

எங்கே பார்க்கிறாய்?

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மாணவி குழந்தையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் பெரிய நர்சின் குரல் கேட்கிறது:

"எங்கே பார்க்கிறாய்? தாயைப் பார்!"

பிரசவ வார்டின் மிகப் பெரிய பாடம் இதுதான்.

நிறை மாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் நெரிபட்டு மூடும். சுருங்காவிட்டால்? திறந்து விட்ட குழாய் போல ரத்தம் கொட்டும்! சிரித்துக்கொண்டு இருந்த தாய், குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன்பே மயங்கி விடுவாள்.

ஆகவே, குழந்தை பிறந்ததும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தெரிந்துகொண்டு, தாயின் தொடையில் "ஆக்சிடோசின்" ஊசி போடுகிறார்கள். கர்ப்பப்பையை இறுக வைக்கும் மருந்து அது. உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் அந்தப் பொருளை, 1953-ல் சோதனைச்சாலையில் செய்து காட்டியவர் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நஞ்சுக்கொடி வந்ததும், அதைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் உள்ளே தங்கி விட்டதா என்று பார்க்கிறார்கள். பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொப்புள் பக்கத்தில் கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் ஆபத்து!

மாணவியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கிறார் நர்சு. முதல் நாளில் அவள் கை கற்றுக்கொள்வது இந்தக் கெட்டியைத்தான்.

சென்னையின் பங்கு

இந்தப் படிப்பு நமக்குப் புதிது அல்ல. எழும்பூரில் உள்ள அரசு தாய்-சேய் ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் பழைய பிரசவ ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. 1854-ல் மருத்துவச்சிகளுக்குச் சென்னையில் பயிற்சிப் பள்ளி வைக்க அரசு அனுமதி கொடுத்தது.

பயிற்சி பெற்ற கைகள் பெருகியதாலும், ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியதாலும் கிடைத்த பலன் என்ன?

2004-06 கணக்கின்படி, தமிழ்நாட்டில் 1 லட்சம் குழந்தைகள் பிறந்தால் 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20-ல் இந்தியா முழுவதற்குமான கணக்கு 97.

பாதியாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால், 54 என்பதும் 54 வீடுகள். தாய் இல்லாமல் 54 தொட்டில்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பிரசவம் ஆன தாய் வீட்டுக்கு வந்த பிறகும், கவனிப்பு நிற்கக் கூடாது. திடீரென்று ரத்தப் போக்கு அதிகமானாலும், காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வலிப்பு வந்தாலும், "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் படுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

குழந்தையைக் கொஞ்சுவதற்கு ஊரே வரும். அத்தை வருவாள், சித்தி வருவாள், பக்கத்து வீட்டுக்காரி வருவாள். அந்த நேரத்தில் தாயின் முகத்தைப் பார்க்க ஒருத்தியாவது வேண்டும்!