பழவேற்காட்டு உருமாலும் ஸ்காட்லாந்துத் தறியும்

கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட், ஆந்திர எல்லை, லாரி வரிசை. பலருக்கு இவ்வளவுதான் ஞாபகம் வரும். ஆனால் அதே ரயில் தடத்தில் பொன்னேரியில் இறங்கி கிழக்கே பஸ் பிடித்தால் ஏரிக்கரையில் ஒரு ஊர் வரும். சென்னை என்ற நகரமே இல்லாத காலத்தில் சோழமண்டலக் கரையின் பெரிய சந்தைகளில் ஒன்று அது. பழவேற்காடு.

ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க, இறால் சாப்பிடப் போகிறவர்கள் டச்சுக் கல்லறையையும் எட்டிப் பார்ப்பாங்க. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும். எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம். நான் சொல்ல வந்தது கல்லறையைப் பற்றி இல்லை, ஒரு துணியைப் பற்றி.

பெரிய ஆங்கில அகராதிகளில் 'புல்லிகேட்' என்று ஒரு சொல் இருக்கு. கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டை என்று பொருள். நம்ம பழவேற்காட்டின் பெயர்தான் அது. இங்கே அதை உருமால் என்பார்கள். நீளமான ஒரே துணியில் கட்டங்கள் வரிசையாக நெய்யப்பட்டிருக்கும், வேண்டியதை வெட்டிக்கொள்ளலாம். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. இம்பூரல் என்று சித்த வைத்தியர்கள் சொல்கிற சிறு செடிதான் இந்தச் சாயவேர். கடலோர மணலில் நன்றாக விளையும். துவைக்கத் துவைக்கப் போகாத சிவப்பு அது. அந்தக் காலத்து ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் இப்படி ஒரு சிவப்பைப் பிடிக்க வைக்கத் தெரியவில்லை.

டச்சுக்காரர்கள் இங்கே வந்ததும் இந்தத் துணிக்காகத்தான். அவர்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்களோ காசைவிட இந்தியத் துணியையே விரும்பினார்கள். அப்போ துணி கிடைக்கிற இடத்தில் முதலில் கால் ஊன்றணும், இல்லையா? 1610ல் விஜயநகர அரசர் வேங்கடபதி அனுமதி கொடுத்தார். 1613ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டல டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். வியாபாரிகள் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போகும். வாங்கியவர் துணியால் அடைக்கணும்.

ஆங்கிலேயரும் இங்கே ஒட்டிக்கொள்ளப் பார்த்தார்கள், டச்சுக்காரர் பக்கத்தில் நிலைக்க முடியவில்லை. 1626ல் வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள். அங்கும் சரிப்படாமல், துணி மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு 1639ல் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கினார்கள். சென்னையின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறவர்கள் பழவேற்காட்டுக்கும் ஒரு கேக் துண்டு கொடுக்கலாம்!

இனி ஸ்காட்லாந்து. 1785ல் ஜார்ஜ் மேக்கின்டாஷும் டேவிட் டேலும் கிளாஸ்கோ அருகே டால்மார்னாக்கில் 'துருக்கிச் சிவப்பு' சாயப்பட்டறை தொடங்கினார்கள். மங்காத சிவப்பு அவர்கள் கைக்கும் வந்தது. சுற்றுவட்டாரச் சின்னச் சின்னச் சந்தை ஊர்களில் கைத்தறிக்காரர்கள் கட்டம் போட்ட கைக்குட்டையை நெய்யத் தொடங்கினார்கள். 1790களில் ஜான் சின்க்ளேர் தொகுத்த ஸ்காட்லாந்து விவரத் தொகுதிகளில், ஊர்ப் பாதிரிமார்கள் தங்கள் ஊர்த் தொழிலை எழுதும்போது 'புல்லிகேட் நெசவு' என்றே குறிக்கிறார்கள். பழவேற்காடு எந்தத் திசையில் இருக்கு என்றுகூட அந்த நெசவாளிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அசல் துணி அதோடு ஒழிந்துவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் 'மதராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் போய்க்கொண்டே இருந்தது. ஊர் பெயர் மட்டும் மாறிப்போச்சு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்று சடங்குத் துணியாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. 17ம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், விற்கப்பட்ட மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். கல்லறையில் கம்பெனிக்காரர்களின் பெயர் டச்சு மொழியில் அழகாகச் செதுக்கியிருக்கு. போனவர்களுக்கும் நெய்தவர்களுக்கும் அப்படி ஒரு கல் கிடையாது. டச்சு மரபு என்று பெருமையாகப் பேசும்போது இதை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1825ல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குள் வியாபாரம் மொத்தமும் மதராஸில்தான். கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு. போகிறவர்கள் கல்லறையோடு திரும்பாமல், செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் பாருங்க. ராமாயணக் காட்சிகளைக் கையகலத்தில் செதுக்கியிருக்காங்க. இங்குள்ள பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்றும் வாங்கிட்டு வாங்க.