பிக்கப் மாற்றுவதற்கு முன் ஒரு டீ

"அண்ணா, இந்த ஸ்ட்ராட்ல பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்குது. வேற வாங்கி மாத்திடவா?"

மாத்தலாம் தம்பி. உட்கார், டீ வரட்டும். டோன் குமிழைக் குறைத்துப் பார்த்தாயா? குறைத்தும் மாறவில்லை, அப்படித்தானே? மாறாது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ஒயரிங்கில் இரண்டு டோன் குமிழும் கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும்தான். பிரிட்ஜ் பிக்கப் அநாதை. இன்றும் பல கிட்டார்களில் இதே கதை. ஸ்விட்சில் துண்டு ஒயர் ஒன்றைப் பற்றவைத்தால் இரண்டாவது குமிழ் அதற்கும் வேலை செய்யும். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து உயரம். பிக்கப்பில் இருப்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி பருமனில் ஏழெட்டாயிரம் சுற்றுச் செம்புக் கம்பியும்தான். இரும்புத் தந்தி மேலே அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும்; சுருளில் மின்சாரம் பிறக்கும். கிட்ட இருந்தால் சத்தம் கூடும். ரொம்பக் கிட்ட வந்தால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கும், சுருதி குழறும். பிக்கப் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கு, வாசி, இன்னும் கொஞ்சம் இறக்கு. பலருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே.

இவ்வளவுக்கும் பிறகு குறை இருந்தால் அது எரிச்சலா, இரைச்சலா என்று பார். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போதெல்லாம் ஆம்ப் 'ஙொய்' என்கிறதே, அது இரைச்சல். ஒற்றைச் சுருள் எல்லாமே அப்படித்தான், விலை கூடியதும் சேர்த்து. இதற்காகத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் ஹம்பக்கர் என்ற பிக்கப்பை வடித்தார். இரண்டு சுருள், ஒன்றின் சுற்று தலைகீழ், அதன் காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். தந்தியின் ஒலி இருமுறை தலைகீழாகி நேராகிவிடுவதால் கூடிக்கொள்ளும். எனக்கு இதைவிட அழகான தந்திரம் இந்த வாத்தியத்தில் இல்லை. ஒற்றைச் சுருள் அளவுக்கே ஒடுக்கிய ஹம்பக்கரும் கிடைக்கிறது, பலகையை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ராட்டின் அந்தக் கண்ணாடிச் சிணுங்கல் கொஞ்சம் போய்விடும், மனதைத் தேற்றிக்கொள்.

எரிச்சல்தான் என்றால் பிக்கப் அட்டையில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணைப் பார்ப்பாய், அதாவது சுருளின் மின்தடை. 6 மென்மை, 13 முரடு என்று சொல்வார்கள். பாதி உண்மை. கம்பியை இன்னும் மெல்லியதாக்கினால் சுற்றைக் கூட்டாமலே எண் ஏறும். என்ன காந்தம் என்பதையும் அது சொல்லாது. அல்னிகோ 2 காந்தம் பதமாகப் பேசும், 5 பளிச்சென்று, செராமிக் பெரும்பாலும் அதட்டலாக. 1972இல் டிமார்சியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் அந்த அதட்டலுக்காகவே விற்றது. உன் குறையே காது கிழிவதுதான். அதனால் அல்னிகோ 2 பக்கம் போ.

பெரிய ஹம்பக்கர்தான் வேண்டுமென்றால் குமிழுக்கு அடியில் இருக்கும் 250 கிலோ ஓம் மாறுமின்தடையையும் (பாட்) 500 ஆக மாற்று. இல்லையென்றால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும்.

ஒயரைக் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள். நான் எடுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தேன். டீ ஆறுது, குடி.