இரும்பு வாங்கப் போகுமுன் எடையைக் கணக்கிடுவோம்

மளிகைக் கடை வைத்திருப்போரில் பலர், கடை ஓய்ந்த நேரத்தில் தமக்கு வேண்டிய ராக்கு, ஸ்டாண்டு, படிக்கட்டு, மூட்டை வைக்கும் மேடை போன்றவற்றைத் தாமே செய்துகொள்வதை நாம் பார்க்கிறோம். வீட்டின் பின்புறம் ஒரு வைஸ், ஒரு ஹாக்ஸா, ஒரு டிரில்லிங் மெஷின் இருந்தால் போதும். வெல்டிங்கை மட்டும் வெளியில் கொடுத்து வாங்கிவிடலாம். நல்ல பழக்கந்தான். ஆனால் பருப்பில் அரை விழுக்காடு எடைக் குறைவைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் நம்மவர்கள், இரும்புக் கடைக்குப் போனால் "நாலு ஆங்கிள் கொடுங்கள்" என்று கேட்டு, சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இரும்பு மொத்த வணிகத்தில் இருக்கும் நாம், சக வணிகர்களுக்கு இதுபற்றிச் சில விவரங்களைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எடையிலா, எண்ணிக்கையிலா?

நாம் பருப்பை எடையில் விற்கிறோம். தேங்காயை எண்ணிக்கையில் விற்கிறோம். தேங்காய் சிறுத்தால் நட்டம் வாங்குகிறவருக்கு. இரும்பிலும் இந்த இரண்டு முறையும் உண்டு. கிலோ கணக்கில் விற்பார்கள். "ஒரு நீளம் இவ்வளவு" என்றும் விற்பார்கள். நீளக் கணக்கில் வாங்கும்போது கனம் குறைந்த சரக்கு வந்தால், வராத இரும்புக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். கிலோ கணக்கில் வாங்கும்போது கனம் குறைந்தால் பணம் நட்டமில்லை. ஆனால் செய்த பொருளில் உறுதி இராது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒரு நீளம் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

கணக்கு எளிது

சாதாரண இரும்பு (கடையில் எம்.எஸ். என்பார்கள்) ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம் எடை. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஒரு சதுர மீட்டர் தகடு 1 மி.மீ. கனத்தில் 7.85 கிலோ, 2 மி.மீ. என்றால் 15.7 கிலோ. மற்றவை வருமாறு:

பட்டை: அகலத்தையும் கனத்தையும் மி.மீட்டரில் பெருக்கி, அதை 7.85ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 25க்கு 5 பட்டை என்றால் 125, மீட்டருக்கு 0.98 கிலோ; 6 மீட்டர் நீளம் 5 கிலோ 900 கிராம்.

உருண்டைக் கம்பி: விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி என்றால் 100ஐ 162ஆல் வகுக்க, மீட்டருக்கு 617 கிராம். 12 மி.மீ. கம்பி 889 கிராம்.

ஆங்கிள்: இரண்டு பக்க அகலத்தையும் கூட்டி, கனத்தை ஒருமுறை கழித்து, மிச்சத்தைக் கனத்தால் பெருக்கிப் பட்டையைப் போலவே கணக்கிட வேண்டும். 25க்கு 25, 3 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 1.1 கிலோ. 25க்கு 25, 5 மி.மீ. என்றால் சுமார் 1.77 கிலோ. 35க்கு 35, 5 மி.மீ. என்றால் 2.55 கிலோ.

சதுரக் குழாய்: நான்கு பக்கத்தையும் கூட்டி, கனத்தின் நான்கு மடங்கைக் கழித்து, மிச்சத்தைக் கனத்தால் பெருக்க வேண்டும். அதன்பின் பட்டைக் கணக்கேதான்.

உருட்டாலையில் சிறிது கூடக் குறைய வருவது இயல்பு. அது தரக்கட்டளையே அனுமதிப்பது. கட்டடக் கம்பிக்கு உரிய ஐ.எஸ். 1786 கட்டளையில், 10 மி.மீ. வரை நூற்றுக்கு 7, அதற்கு மேல் 16 மி.மீ. வரை நூற்றுக்கு 5, அதற்கும் மேல் நூற்றுக்கு 3 என்ற அளவில் எடை கூடவோ குறையவோ இடமுண்டு. ஆகவே நூறு கிராமுக்குச் சண்டை போட வேண்டாம். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்று குறைந்தால், அது வேறு கனத்துச் சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

கேஜ் என்னும் கணக்கு

தகட்டிலும் மெல்லிய குழாயிலும் கனத்தை மி.மீட்டரில் சொல்லாமல் கேஜில் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நூல் நம்பரைப் போல, கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும். 14 கேஜ் 2.03 மி.மீ.; 16 கேஜ் 1.63 மி.மீ.; 18 கேஜ் 1.22 மி.மீ.; 20 கேஜ் 0.91 மி.மீ. பார்வைக்கு 16ம் 18ம் ஒன்றுபோலவே இருக்கும். பெயின்ட் அடித்த குழாயில் நுனியைப் பார்த்தாலும் தெரியாது; அறுத்த பிசிர் கனத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் தராசு ஏமாறாது. 25 மி.மீ. சதுரக் குழாய் 6 மீட்டர் நீளம், 1.6 மி.மீ. கனமானால் சுமார் 7 கிலோ, 1.2 மி.மீ. ஆனால் சுமார் 5 கிலோ 400 கிராம். பத்து நீளம் வாங்குகிறவருக்கு 16 கிலோ வித்தியாசம். எனவே கேஜைக் கேட்காமல் மி.மீட்டரைக் கேளுங்கள், பில்லிலும் மி.மீட்டரையே எழுதச் சொல்லுங்கள்.

குழாயில் இன்னொரு குழப்பமும் உண்டு. தண்ணீர்க் குழாயை "ஒரு அங்குலம்" என்பது உள்வழி அளவை ஒட்டிய பெயர். அதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ. நாற்காலி, மேசை செய்யும் ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 25.4 மி.மீ.தான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வேலை செய்கிறவர்கள் வெளிவிட்டத்தை அளந்து வாங்குவது நல்லது.

இருபதடி இருபதடி அல்ல

பேச்சில் "இருபதடி நீளம்" என்போம். ஆலையிலிருந்து வருவது 6 மீட்டர். அதாவது 19 அடி 8 அங்குலம். இந்த நாலு அங்குலத்தை மறந்தவர்கள் கடைசித் துண்டில் தவிப்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 6 அடி உயரம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் நான்கு தட்டு ராக்கு ஒன்று செய்ய வேண்டும். கால்கள் நான்குக்கு 24 அடி. ஒவ்வொரு தட்டின் சட்டத்துக்கும் 11 அடி வீதம் 44 அடி. ஆக மொத்தம் 68 அடி. மூன்றரை நீளம் போதும் என்று தோன்றும்.

அறுக்கும் வரிசை இப்படி வரும். முதல் நீளத்தில் மூன்று கால், ஒரு ஒன்றரை அடித் துண்டு. இரண்டாவதில் ஒரு கால், மூன்று நாலடி, ஒரு ஒன்றரை அடி. மூன்றாவதில் நான்கு நாலடி, இரண்டு ஒன்றரை அடி. மிச்சம் வேண்டியது ஒரு நாலடியும் நான்கு ஒன்றரை அடியும். சரியாகப் பத்து அடி. ஆனால் அரை நீளம் என்பது 3 மீட்டர், 9 அடி 10 அங்குலம். இரண்டு அங்குலம் குறைகிறது! அறுக்கும் சக்கரம் ஒவ்வொரு வெட்டுக்கும் தின்னும் 3 மி.மீ. வேறு. இதைக் கடைக்குப் போகுமுன் தாளில் போட்டுப் பார்த்தால், ராக்கின் ஆழத்தை ஓர் அங்குலம் குறைத்து 1 அடி 5 அங்குலமாக வைத்துக்கொள்ளலாம். மூன்றரை நீளத்தில் வேலை முடிந்துவிடும். பார்க்காமல் போனவர் இன்னொரு துண்டுக்காக ஆட்டோ வாடகை கொடுப்பார்.

மலிவு எது, ஆபத்து எது

இனி முக்கியமான செய்தி. அதே ராக்குக்கு 35க்கு 35, 5 மி.மீ. ஆங்கிள் போட்டால் சுமார் 53 கிலோ. 25க்கு 25, 3 மி.மீ. போட்டால் 23 கிலோ. முப்பது கிலோ மிச்சம் என்று மகிழக் கூடாது. நாலடித் தட்டில் 25 கிலோ அரிசிப் பை எட்டு வைத்தால் 200 கிலோ. முன்னும் பின்னும் உள்ள இரண்டு சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். 3 மி.மீ. ஆங்கிள் அதைத் தாங்காது. தாங்கும் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக வளைந்துவிடும். தட்டு சாய்ந்தால் மூட்டை விழுவது கீழே பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும் பையன் தலையில். 30 கிலோ இரும்பின் விலை அவனுக்கு முன்னால் ஒரு பொருட்டா?

சிக்கனத்துக்கு வேறு வழி இருக்கிறது. சட்டத்தின் நடுவில் ஒரு கால் கொடுத்தால் இடைவெளி பாதியாகும். அதன்மேல் விழும் வளைவுப் பாரம் நான்கில் ஒரு பங்காகும். முன்னும் பின்னும் நடுக்கால் வைத்து, 25க்கு 25, 5 மி.மீ. ஆங்கிளில் செய்தால் மொத்தம் 80 அடி, சுமார் 43 கிலோ. நடுக்கால் இல்லாத 53 கிலோ ராக்கைவிட இந்தச் சட்டங்கள் குறைவாகவே வளையும். இரும்பும் பத்து கிலோ மிச்சம். எப்படிச் செய்தாலும் கனமான மூட்டைகளை அடித்தட்டில் வையுங்கள்; ராக்கைச் சுவரோடு போல்ட்டு போட்டு இறுக்குங்கள்.

எந்த வேலைக்கு எந்தச் சரக்கு

கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை வைத்துக்கொண்டு எல்லாம் செய்யலாம் என்று நினைப்போர் உண்டு. டி.எம்.டி. கம்பியின் மேல்தோல் திடீரெனக் குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டது. மரை வெட்டவும் கடையவும் அது ஏற்றதல்ல. ஆணி, போல்ட்டு, அச்சு போன்ற வேலைக்குப் பிரைட் பார் வாங்குங்கள். அளவு துல்லியமாக இருக்கும்.

ஜி.ஐ. குழாயைப் பூச்சோடு வெல்டிங் செய்யக் கூடாது. துத்தநாகப் புகை காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். புளி, ஊறுகாய் ஆகியவற்றை ஜி.ஐ. தகட்டில் படும்படி வைக்கவும் கூடாது. புளிப்பில் துத்தநாகம் கரையும்.

ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது காந்தத்தை எடுத்துப் போகிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கு என்பது முழு உண்மையல்ல. 304 ரகத்திலும் ஒட்டாது. விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. 304இல் நிக்கல் சுமார் 8 பங்கு. 202இல் அது குறைவு, அந்த இடத்தில் மாங்கனீசு கூடுதல். உப்பும் ஊறுகாயும் புழங்கும் இடத்திலும் கடலோர ஊர்களிலும் 202 விரைவில் கறை பிடிக்கும். ஆகவே ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

அலுமினியம் கிலோ விலையைக் கேட்டு மிரள வேண்டாம். அதன் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் (ஒரு கன சென்டிமீட்டர் 2.7 கிராம்). ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் வரும். ஆனால் அதே அளவில் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும்; பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது.

பில்லும் தராசும்

இரும்புக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறோம்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். பில் இல்லாத சரக்கில் கனமும் ரகமும் தவறினால் கேட்க நமக்கு உரிமைச் சீட்டு இல்லை. மேலும், முறையான பதிவுள்ள வணிகர் கடை உபயோகத்துக்கு வாங்கும் ராக்கு இரும்பின் வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியுண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு அது கிடையாது. கட்டடம் கட்டும் கம்பிக்கும் கிடையாது. உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும் என்று சொல்லும் 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் இரும்புக் கடைத் தராசுக்கும் பொருந்தும். எடை போடும்போது அருகில் நில்லுங்கள். சரக்கு ஏற்றுமுன் முள்ளோ எண்ணோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அறுத்துத் தரச் சொன்னால் வெட்டுக்கூலி எவ்வளவு, மிச்சத் துண்டு யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சிறு வேலைக்குத் துண்டுச் சரக்குக் குவியலில் தேடினால் குறைந்த விலையில் கிடைக்கலாம். ஆனால் துருவைச் சுரண்டி, உள்ளே கனம் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நேர்மையான இரும்பு வணிகர் எவரும் கணக்குத் தெரிந்த வாடிக்கையாளரைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார்; மகிழவே செய்வார். கனம் குறைந்த சரக்கை விலை குறைத்து விற்று நல்ல வணிகத்தைக் கெடுப்போர் பிழைப்பது, வாங்குகிறவர் எடையைக் கேளாததால்தான். ஆகவே அடுத்த முறை இரும்புக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுச் சீட்டில் அளவு, கனம், நீளம், இருக்க வேண்டிய எடை ஆகிய நான்கையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.